ரெண்டு நாளைக்கு மேல வேண்டாம்

— இன்னொரு தடவை எண்ணு.

— எண்ணிட்டேன்கா. ரெண்டு.

— எத்தனைக்கு ரெண்டு?

— பன்னெண்டுக்கு. உன் ஃபோன் கண்ணாடி முழுக்கக் கீறல். அதுல ஒண்ணு ரெண்டு மறைஞ்சிருக்கும்.

— ஒண்ணும் மறையல. எனக்கு எண்ணவே வேண்டாம், மனப்பாடம். மூக்குக் கண்ணாடியக்கூட லேப்லயே வெச்சுட்டு ஓடி வந்திருக்கேன் உனக்காக. கேட்டுக்கோ. இந்த ஃபோட்டோல இருக்கறது உன் கால்லேர்ந்து எடுத்த சீழ். அதைத் தட்டுல தடவி, பன்னெண்டு மருந்து வில்லை வெச்சேன். மருந்து வேலை செஞ்சா வில்லையச் சுத்திக் கிருமி வளராது, வட்டமா காலியா இருக்கும். பத்து வில்லையச் சுத்தி வட்டமே இல்ல. மருந்து மேலயே ஏறி உக்காந்திருக்கு.

— சரி, இருக்கட்டும். ரெண்டுக்கு வட்டம் இருக்குல்ல. ஒண்ண ஏத்தச் சொல்லு, சாயங்காலம் நான் வீட்டுக்குப் போயிடறேன். ஞாயித்துக்கிழமை ஆராதனை இருக்கு.

— அட அறிவுக்கொழுந்தே. ஒரு மருந்து கிட்னிய வாங்கிடும். உனக்குச் சர்க்கரை வேற, டாக்டர் அதைத் தொடவே பயப்படறார். இன்னொண்ண நீ முன்னாடியே அரைகுறையா முழுங்கியிருந்தா, நாலு நாள்ல அதுவும் கேக்காமப் போகும். அதான் மூணாவது தடவையா கேக்கறேன். ஆணி குத்தி மூணு வாரம் ஆச்சு. இந்த மூணு வாரமும் என்ன முழுங்கினே?

— ஏதோ மாத்திரை.

— என்ன கலரு?

— கலரெல்லாம் யாரு பாத்தா? ஜெபம் பண்ணினேன், ரெண்டு நாள் சாப்பிட்டேன், வலி குறைஞ்சுது, நிறுத்திட்டேன். மறுபடி வந்துச்சு, மறுபடி ரெண்டு நாள் சாப்பிட்டேன்.

— நாளைக்குக் காலையில சர்ஜன் வருவார். இந்தச் சிவப்பு முழங்கால் கிட்ட வந்திருந்தா முழங்காலுக்குக் கீழ இருக்கறத எடுத்துடுவார். நீ பாட்டுக்கு கலர் யாரு பாத்தான்னு படுத்திரு. மூடின கண்ணோட ஜெபம் பண்ணறது சரி. மூடின கண்ணோடயா மாத்திரையும் முழுங்குவே?

— எடுத்தா எடுக்கட்டும். ஒத்தைக் கால்ல நின்னு பிரசங்கம் பண்ணறேன். உனக்கென்ன? குரங்கு வம்சத்துல ஒரு கால் போனா ரெண்டு கை இருக்கேன்னு சமாளிச்சுக்கும்னு உங்க ஆளுங்க எழுதியிருப்பாங்களே.

— வந்துட்டியா. எங்கடா இன்னும் காணோம்னு பாத்தேன்.

— நான் எங்கயும் வரல. நீதான் ஃபோன நீட்டிக்கிட்டு வந்தே.

— மூணு மாசத்துக்கு முன்னாடி சர்ச்ல நின்னுக்கிட்டு என்ன சொன்னே? “சில பேர் மைக்ராஸ்கோப்புக்குள்ள எட்டிப் பாத்து, உள்ள தாத்தா இருக்காரான்னு தேடறாங்க.” சொன்னியா இல்லியா?

— யார் பேரும் சொல்லல.

— உன் சபைக்குத் தெரிஞ்சு மைக்ராஸ்கோப்புல எட்டிப் பாக்கறவ நான் ஒருத்திதான். சித்தி ரெக்கார்டிங் அனுப்பினா. கூட்டமே சிரிக்குது. அந்தச் சிரிப்பு அடங்கட்டும்னு நீ கொஞ்ச நேரம் நிறுத்தினே பாரு, அதுதான் எனக்கு ஆறவே இல்ல. ஜோக்கு சொல்றவன் மாதிரி நிறுத்தினே.

— அது ஒரு பேச்சுக்குச் சொன்னது. பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடத்துல ஒண்ணு சொல்லித் தராங்க, ஞாயித்துக்கிழமை நான் ஒண்ணு சொல்றேன். குழம்பிப் போகுதுங்க. ஒரு பக்கம் நிக்க வேண்டியது என் வேலை.

— நின்ன பக்கத்தப் பாத்தேனே. ஆறு நாள்ல எல்லாம் முடிஞ்சுது, ஒவ்வொண்ணும் அதது இனமா முழுசாப் படைக்கப்பட்டுது, அன்னிலேர்ந்து இன்னிவரை ஒரு மசுரும் மாறல. அதானே?

— ஆஸ்பத்திரியில பேசற பேச்சா இது?

— ஆஸ்பத்திரியிலதான் பேசணும். இங்கதான் கை மேல பலன் தெரியும். அதோ உன் கால்லயே தெரியுதே.

— மேடம், ஐயாவுக்கு பி.பி. பாக்கணும். கொஞ்சம் நகர்றீங்களா?

— பாருங்க சிஸ்டர். நல்லாப் பாருங்க. எனக்கு ஏறியிருக்கும், அவனுக்கு ஏறியிருக்காது. அவனுக்குத்தான் ஒண்ணும் உறைக்காதே.

— நீங்க எங்க அக்காவ தினமும் எப்படி சிஸ்டர் தாங்கறீங்க?

— அது வந்து ஐயா, மேடம் வார்டுக்கு வரமாட்டாங்க. ரிப்போர்ட் மட்டும்தான் வரும். அதுவும் இந்த ஆஸ்பத்திரியிலயே வாசிக்க முடியற கையெழுத்து மேடத்தோடது மட்டும்தான். முழுங்கக் கூடாத மருந்தெல்லாம் சிவப்பு மையில எழுதி அடியில ரெண்டு கோடு போட்டிருப்பாங்க. டாக்டர் எழுதறது எங்களுக்கே புரியாது, மேடம் எழுதறது பேஷண்டுக்கே புரியும்.

— இருபத்தாறு வருஷப் பழக்கம்மா அது. வேண்டாம்னா வேண்டாம்னு கண்ணுல அடிக்கணும். இல்லன்னா இவன மாதிரி ஆளுங்க வாசிக்காமலே முழுங்குவாங்க.

— நூத்தி அறுபது இருக்கு ஐயா. பேச்சக் குறைங்க.

— நான் எங்க பேசறேன்? சரி, இருக்கட்டும். அக்கா, உன்கிட்ட நேரடியா ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. இந்தக் கிருமி இப்ப என்னவா இருக்கு?

— கிருமியா இருக்கு.

— முன்னாடி என்னவா இருந்துச்சு?

— கிருமியா இருந்துச்சு.

— அவ்வளவுதான். கரப்பான்பூச்சியா மாறிச்சா? பல்லியா மாறிச்சா? மருந்துக்குக் கேக்கல, பிடிவாதம் பிடிக்குது. பிடிவாதம் பிடிச்சா வேற இனமா? அப்படின்னா நீ எப்பவோ வேற இனமாயிருக்கணும்.

— இதத்தான் மைக்குல சொல்லிக் கைதட்டு வாங்கினியா? கேட்டுக்கோ. அது கரப்பான்பூச்சியா மாறறதுக்கு என்ன அவசரம்? உன் கால்ல வாடகை இல்லாம வசதியா இருக்கு. அதுக்கு இருபது நிமிஷம்னா ஒரு தலைமுறை. நீ ஒரு பிரசங்கம் முடிக்கறதுக்குள்ள அதுக்குக் கொள்ளுப்பேரன் பொறந்துடும். அந்த லட்சக்கணக்குல ஒண்ணு ரெண்டு, பொறப்புலயே கொஞ்சம் தடித்தோலா இருக்கும். நீ ரெண்டு நாள் மாத்திரை போட்டே. சாதுவா இருந்ததெல்லாம் செத்துது. தடித்தோல் மிச்சம். உனக்கு வலி குறைஞ்சுது, நிறுத்திட்டே. இப்ப அந்த இடம் பூரா யாரோட பிள்ளைங்க? தடித்தோலோட பிள்ளைங்க. மறுபடி ரெண்டு நாள். அதுலயும் தடித்தோல் மிச்சம். மருந்து அதை மாத்தலடா. மாறியிருந்தத மட்டும் விட்டுவெச்சுது. இதுக்குப் பேருதான் பரிணாமம். நீ குரங்கு குரங்குன்னு கூட்டத்தச் சிரிக்க வெக்கறியே, அது. உன் உள்ளங்கால்ல மூணு வாரத்துல நடந்திருக்கு.

— மூணு வாரத்துல கால்ல நடந்தா, மனுஷன் குரங்கிலேர்ந்து வந்தான்னு ஆயிடுமா? இங்கேர்ந்து அங்க எவ்வளவு தூரம்?

— தூரம்தான். அதுக்குக் கோடி வருஷம் இருந்துச்சு. உன் கால்ல இருக்கறதுக்கு மூணு வாரம்தான் இருந்துச்சு, அதுக்கே உன்னைக் கட்டில்ல போட்டுடுச்சு.

— கர்த்தருக்குத் தெரியாம ஒண்ணும் நடக்காதுக்கா.

— தெரிஞ்சே நடந்துச்சா? அது இன்னும் மோசமாச்சே. ஏழாம் நாள் ஓய்வெடுத்தார்னு சொல்றே. எழுந்து பாத்தா தம்பி கால்ல புதுசா ஒண்ணு உக்காந்திருக்கு. பாவம், அவரே பதறியிருப்பார்.

— கிண்டல் பண்ணு. அம்மா போன அன்னிக்கும் நீ இப்படித்தான். கட்டில்கிட்ட நின்னு ஒரு ஜெபம் சொல்லல. எல்லாரும் முட்டி போட்டிருக்கோம், நீ ஒருத்தி மட்டும் சுவத்துல சாஞ்சு நிக்கறே. மறுநாள் மத்தியானத்துக்குள்ள அலமாரி காலி. துணி ஒரு பக்கம், பாத்திரம் ஒரு பக்கம், மிச்சமெல்லாம் ஒரு பை கட்டி சர்ச் வாட்ச்மேன் கையில குடுத்து அனுப்பிட்டே. அம்மா வாழ்ந்ததுக்கு ஒரு அடையாளம் வெக்கல. வெளிய ஆட்டோ நிக்குதுன்னு கிளம்பிட்டே.

— எனக்கு மூணு மணிக்கு டியூட்டி. யாராவது ஒருத்தர் அள்ளிக் கட்டணுமில்ல? நீங்கெல்லாம் பாட்டுப் பாடிக்கிட்டு இருந்தீங்க. பன்னெண்டு வருஷமா இதையே சொல்லு.

— அதுக்கப்புறம் சர்ச் வாசப்படி மிதிக்கல நீ.

— மிதிச்சா உள்ள என்ன இருக்கு? தாத்தாவப் பத்தி ஜோக்கு இருக்கு. சிஸ்டர், அந்த ஃபாரம் எங்க? கொண்டாங்க.

— என்ன ஃபாரம்?

— அது வந்து ஐயா, ஒரே மாதிரி கிருமி நிறைய பேருக்கு வந்தா மேல எழுதி அனுப்பணும். என்ன மருந்து சாப்பிட்டாங்க, எங்கேர்ந்து கிடைச்சுது, யார் சொல்லிச் சாப்பிட்டாங்கன்னு மூணு கட்டம்.

— நிறைய பேரா? எனக்கு மட்டும்தானே?

— சொல்றேன். இப்பதான் சொல்லப் போறேன். என் ரிஜிஸ்டர்ல இந்த வருஷம் இதே மாதிரி, பன்னெண்டுக்கு ரெண்டு மட்டும் கேக்கற கிருமி, நாலு பேருக்கு. முதல்ல தையல்காரி, கையில கொப்புளம். அப்புறம் பேக்கரிக்காரர் மக, காதுல. நாலாவது நீ. நாலு பேருக்கும் அட்ரஸ் பாத்தேன். உன் சர்ச்சச் சுத்தி நாலு தெரு.

— மூணாவது யாரு?

— உன் சர்ச் ஆர்மோனியக்காரர்.

— அவரு நெஞ்சுச் சளியில போனார்.

— சளியிலதான். அந்தச் சளி என் தட்டுலதான் வளர்ந்துச்சு. அதுவும் ரெண்டே மருந்துக்குத்தான் கேட்டுது. ரிப்போர்ட்ட நான் எழுதி முடிக்கறப்ப வார்டுலேர்ந்து ஃபோன் வருது, வேண்டாம் மேடம், ஆள் போயிட்டார்னு. நீ அடக்கத்துல என்ன சொன்னே? கர்த்தர் அழைச்சுக்கிட்டார்னு. சித்தி அதையும் அனுப்பினா.

— அவர் பொண்டாட்டிகிட்ட வேற என்னக்கா சொல்லச் சொல்றே? எல்லாம் தற்செயல், உன் புருஷன் ஒரு கிருமிகிட்ட தோத்துட்டார், அவ்வளவுதான்னு சொல்லவா? அந்தம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டு விடல. உன் தட்டையும் வில்லையையும் கொண்டுபோய்க் காட்டவா? அந்த நேரத்துல ஒரு மனுஷிக்கு நிக்க இடம் வேணும். அதுக்குத்தான் நான் இருக்கேன். அத நீ எவ்வளவு கேவலமாப் பேசினாலும் நான் விட்டுத்தர மாட்டேன்.

— இடம் குடு. யாரு வேண்டாம்னா? ஆனா கர்த்தர் மேல பழியப் போடாதே. அவரு அழைக்கல. உங்க சர்ச்ல ஏதோ ஒண்ணு அனுப்பி வெச்சிருக்கு. நாலு பேரும் எங்கேர்ந்து மாத்திரை வாங்கினாங்க? எந்த மருந்துக் கடையிலயும் இல்ல. தையல்காரி சொல்லிட்டா. சர்ச் பின் ரூம்ல ஒரு டப்பா இருக்காமே.

— இருக்கு. அதுல என்ன?

— அதுல என்னவா?

— வீட்ல மிஞ்சின மாத்திரைய எல்லாரும் அதுல போடுவாங்க. இல்லாதவங்க வந்து எடுத்துப்பாங்க. டாக்டருக்குக் குடுக்கக் காசில்லாத ஜனம்கா. ஜெபம் பண்ணி ரெண்டு நாளைக்குத் தருவேன். ரெண்டு நாளைக்கு மேல யாருக்கும் குடுத்ததில்ல, அதுல நான் ரொம்பக் கண்டிப்பு. டப்பா மூடியிலயே எழுதியிருக்கு.

— என்ன எழுதியிருக்கு?

— எது எதுக்குன்னு. ரெண்டு நாளைக்கு மேல வேண்டாம்னு.

— ரெண்டு நாளைக்கு மேல வேண்டாமா. அப்படியா எழுதியிருக்கு? சிஸ்டர், கேட்டீங்களா? நாலு தெருவுக்கு விஷ விதை தூவறதுக்கு இதவிடச் சுருக்கமா ஒரு வாக்கியம் எழுத முடியாது. எந்த மடையன் எழுதினது?

— எப்பவோ எழுதினது. பழசு.

— பழசுன்னா தொட மாட்டீங்க. அதான உங்க வியாதி. உங்களுக்கு எழுத்துன்னு ஒண்ணு கிடைச்சாப் போதும், எழுதினபடியே முழுங்குவீங்க. எழுதினவன் யாரு, யாருக்கு எழுதினான், எந்தச் சமயத்துல எழுதினான், என்ன மனசுல வெச்சு எழுதினான், ஒண்ணு கேக்க மாட்டீங்க. ஆறு நாள்னு எழுதியிருக்கா? ஆறு நாள்தான், மணி பாத்துச் சொல்லிடலாம். ரெண்டு நாள்னு எழுதியிருக்கா? ரெண்டு நாள்தான், மூணாவது நாள் ஆள் செத்தாலும் சரி. எழுதினவனை எங்கிட்ட கொண்டா. மூஞ்சியில காறித் துப்பறேன்.

— அக்கா, அப்படிச் சொல்லாதே.

— ஏன் சொல்லக் கூடாது?

— நல்ல மனசோட எழுதினது அது.

— நல்ல மனசு. ஆர்மோனியக்காரர் கல்லறையில எழுதி வை, நல்ல மனசால போனார்னு.

— அக்கா. ஆர்மோனியக்காரர் நிஜமாவே அந்த மாத்திரையாலதான் போனாரா? உனக்கு நிச்சயமாத் தெரியுமா?

— ஒருத்தர் உடம்புல வளர்ந்தது இன்னொருத்தருக்கு ஒட்டியிருக்கும். நீங்க ஒரே பெஞ்சுல நெருக்கி உக்காந்து, கை குடுத்து, ஒரே மைக்குல வாய வெக்கற ஆளுங்க. மாத்திரை எல்லார் உடம்புலயும் சாதுக்களக் கொன்னு தடித்தோலுக்கு இடம் ஒதுக்கி வெச்சிருக்கு. நூத்துக்கு நூறுன்னு நான் எதையும் சொல்ல மாட்டேன், அது உன் பழக்கம். தொண்ணூறு சொல்வேன்.

— சரி, இருக்கட்டும். நான் ஒத்துக்கறேன். சிஸ்டர், எழுதிக்குங்க. எங்கேர்ந்துன்னா சர்ச். யார் சொல்லின்னா பாஸ்டர். நான்தான் குடுத்தேன், நான்தான் சொன்னேன். டப்பாவ நான் வீட்டுக்குப் போனதும் எரிச்சுடறேன். முடிஞ்சுது.

— முடியல. எரிக்கற வேலையெல்லாம் வேண்டாம். உள்ள என்னென்ன மருந்து இருக்குன்னு பாக்கணும், அப்பதான் நீ முழுங்கினது எதுன்னு தெரியும். உங்க சர்ச் வாட்ச்மேனுக்கு அப்பவே ஃபோன் பண்ணிட்டேன். டப்பாவ எடுத்துக்கிட்டு வந்துக்கிட்டிருக்கான்.

— வரவேண்டாம்னு சொல்லு.

— என்ன?

— வேண்டாம்கா. நான் சொல்லிடறேன். பச்சை மஞ்ச கேப்சூல். அதுதான் நான் சாப்பிட்டேன். இப்பதான் ஞாபகம் வருது. ரெண்டு ரெண்டு நாளா ரெண்டு தடவை. வேற எதுவும் சாப்பிடல. போதுமா? டப்பா வேண்டாம். அவன பாதியிலயே திருப்பி அனுப்பு.

— பாத்தீங்களா சிஸ்டர். இவ்வளவு நேரம் கலரே தெரியாது. டப்பா வருதுன்னதும் பச்சை மஞ்ச. பச்சை மஞ்சன்னா அந்த ரெண்டுல ஒண்ணு இல்ல, நல்லதாப் போச்சு. அந்த இன்னொரு மருந்து இன்னும் கேக்கும். கால் பொழைக்கலாம்டா.

— கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அப்ப டப்பா எதுக்கு?

— உன்ன நம்பி மருந்து ஏத்தச் சொல்றியா? நான் கண்ணால பாக்காம எதையும் நம்பறதில்ல. எதுக்குடா இப்படி வேர்க்குது உனக்கு? சபை ஜனம் பாத்துடும்னு மானம் போகுதா? போகட்டும். அடுத்த ஞாயித்துக்கிழமை இதே காலோட, மைக்க எடுத்து, நீயே சொல்லணும். கிருமி மாறிச்சு, நாம குடுத்த அரைகுறை மாத்திரையிலதான் மாறிச்சுன்னு. அந்த ‘மாறிச்சு’ங்கற வார்த்தை உன் வாயாலேயே வரணும். அத நான் ரெக்கார்டிங்ல கேக்கணும்.

— சொல்றேன். மாறிச்சுன்னு சொல்றேன். கர்த்தர் படைச்சது மாறவும் செய்யும், அதுவும் அவர் குடுத்ததுதான்னு சொல்றேன். நீ என்ன எழுதிக் குடுத்தாலும் அப்படியே வாசிக்கறேன். டப்பா மட்டும் வேண்டாம்.

— அடேங்கப்பா. பன்னெண்டு வருஷமா நகராதது ஒரு டப்பாவுக்காக நகர்ந்துடுச்சு.

— ஐயா, நானும் ஒண்ணு சொல்லட்டுமா? எனக்கு நர்சிங்ல இதெல்லாம் பாடம். ஞாயித்துக்கிழமை நானும் சர்ச்சுக்குப் போறவதான். ரெண்டையும் படிச்சேன், ரெண்டும் என் தலைக்குள்ள சண்டை போட்டதே இல்ல. ஜெபமும் பண்ணுவேன், கையும் கழுவுவேன். சண்டை போடறது நீங்க ரெண்டு பேரும்தான். இருங்க, ஃபோன் அடிக்குது. ஹலோ. ஆமா. கேட்லயே இருங்க, வரேன். மேடம், சர்ச் வாட்ச்மேன் வந்துட்டார். வாங்கிட்டு வந்துடறேன்.

— சிஸ்டர், அத அப்படியே குப்பையில போட்டுடுங்க. உங்களக் கெஞ்சிக் கேக்கறேன்.

— நீங்க போங்க சிஸ்டர். போய் எடுத்துட்டு வாங்க. என்னடா ஆச்சு உனக்கு? கால எடுத்துடுவாங்கன்னு சொன்னப்பகூட அசையல. இப்ப என்ன, சின்னப் பிள்ளை மாதிரி என் கையப் பிடிச்சு இழுக்கறே?

— அக்கா, நான் எது கேட்டாலும் நீ தரமாட்டே, தெரியும். இது ஒண்ணு மட்டும் கேக்கறேன். அவங்க கொண்டு வந்தாலும் நீ திறக்காதே. உள்ள இருக்கற மாத்திரைய மட்டும் தட்டிக் கொட்டிப் பாக்கச் சொல்லு. மூடியப் பாக்காதே.

— மூடிதான எனக்கு முக்கியம். யாரு எழுதினான்னு அந்த மூணாவது கட்டத்துல போடணும். உன் பேரு இல்ல, எழுதினவன் பேரு. நீ வெறும் கிளிப்பிள்ளை. எழுதினவன்தான் குத்தவாளி. யாரு அவன்? உனக்கு முன்னாடி இருந்த பாஸ்டரா?

— இல்ல.

— யாரோ பெரிய மனுஷன், அதானே? சபையில நன்கொடை குடுக்கறவன். அதான் காப்பாத்தறே.

— பெரிய மனுஷன்லாம் இல்ல.

— கையில எடுக்கும்போதே துரு உதிருது மேடம். இந்தாங்க. மேசை மேல வெக்கறேன்.

— என்ன இது? பிஸ்கட் டின்னா?

— ஆமா மேடம். நீல டின். மேல ஒரு வீடும் குதிரை வண்டியும் வரைஞ்சிருக்கு.

— குதிரை வண்டியா? இது… இது அம்மாவோட டின். ஊசி நூல் வெச்சிருப்பாங்க. இது எப்படிடா அங்க போச்சு?

— நீ அனுப்பின பையில இருந்துச்சு.

— ஊசி நூலோடவா?

— இல்ல. ஊசி நூல் எல்லாம் எடுத்துட்டு, அம்மா சாப்பிடாம மிஞ்சின மாத்திரைய உள்ள வெச்சிருந்தே.

— இருக்கலாம். ஞாபகமில்ல. அன்னிக்கு நூறு பொருள் கட்டினேன். சரி, டின் நான் அனுப்பினது, அதுல எழுதினது எவனோ. சிஸ்டர், மூடிய மட்டும் கழட்டி உள்பக்கம் பாருங்க. எனக்குக் கண்ணாடி இல்ல.

— காகிதம் ஒட்டியிருக்கு மேடம். நல்லாப் பழுப்பாயிடுச்சு. மேல டேப்பு ஒட்டிக் காப்பாத்தி வெச்சிருக்காங்க.

— வாசிங்க. ஒரு எழுத்து விடாம வாசிங்க.

— சிஸ்டர், வேண்டாம்.

— நீ சும்மா இரு. வாசிங்க.

— “வெள்ளை மாத்திரை காய்ச்சலுக்கு. பச்சை மஞ்சள் கேப்சூல் புண்ணுக்கும் இருமலுக்கும். யாருக்கும் ரெண்டு நாளைக்கு மேல் வேண்டாம். அதற்குள் கேட்கவில்லை என்றால் டாக்டரிடம் போக வேண்டும்.”

— டாக்டரிடம் போக வேண்டும்னு இருக்கா? பாருடா, அந்த வரியும் இருக்கு. அத மட்டும் வாசிக்கல நீங்க. வாசிச்சிருந்தா ஆர்மோனியக்காரர் நாலாம் நாளே இங்க வந்திருப்பார். இன்னும் என்ன இருக்கு?

— வேற எழுத்து ஒண்ணும் இல்ல மேடம். ஆனா…

— ஆனா என்ன? கையெழுத்து இருக்கா?

— கையெழுத்து போடல. மத்ததெல்லாம் நீல மை. அந்த ‘வேண்டாம்’ மட்டும் சிவப்பு மை. அடியில ரெண்டு கோடு போட்டிருக்கு.

— சிவப்பா? ரெண்டு கோடா?

— மேடம், நான் தினமும் வார்டுல இதத்தானே வாசிக்கறேன்.

— குடுங்க இங்க.

— கண்ணாடி இல்லையே மேடம்.

— கண்ணாடி வேண்டாம். குடுங்க.

— அக்கா. உக்காருக்கா. சிஸ்டர், அந்த ஸ்டூல இழுங்க. ஃபாரத்துல நான் சொன்னபடியே எழுதிடுங்க. பாஸ்டர்னு போடுங்க. மூணு கட்டத்துலயும் பாஸ்டர்னு போடுங்க.

— ஆட்டோக்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தான். அதுக்கு நடுவுல எழுதினது. அம்மா மாத்திரைய யாராவது இஷ்டத்துக்கு முழுங்கி ஏதாவது ஆயிடக் கூடாதேன்னு… ஒரு ஜாக்கிரதைக்கு… அந்த ஒரு டின்னு மாத்திரைக்குத்தான் எழுதினேன். பன்னெண்டு வருஷத்துக்கு எழுதல. ஒரு வாரத்துல தீர்ந்துடும்னு நெனச்சேன்டா.

— தெரியும்கா.

— ஒருத்தர்கூடவா கேக்கல? இது சரியான்னு, யாரு எழுதினதுன்னு, ரெண்டு நாள் எப்படிப் போதும்னு, இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூடவா?

— ஆர்மோனியக்காரர் கேட்டார்கா. ரெண்டு நாள் போதுமா ஐயான்னு. லேப்ல வேலை பாக்கற எங்க அக்கா எழுதினது, தப்பா இருக்காதுன்னு சொன்னேன்.